கிராங்க் கோணலா, பி.பி. கோணலா? ஏற்றத்தில் இடது காலில் ஒரு தட்டல்

செம்மண்தடம், சுங்கை சிப்புட்:

அனைவருக்கும் வணக்கம். கோலகங்சாரில் ஒருவரிடமிருந்து பழைய ஸ்டீல் மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். ஃபிரேம் திடமாக இருக்கிறது. புதிதாகப் பவுடர் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். பாட்டம் பிராக்கெட் (பி.பி.), அதாவது பெடலைத் தாங்கும் கிராங்க் இரண்டையும் இணைக்கும் அச்சும் பேரிங்கும் உள்ள பகுதி, சதுர முனை கார்ட்ரிட்ஜ் வகை. அது உட்காரும் ஃபிரேம் குழாயான ஷெல்லின் அகலம் 73 மி.மீ., அச்சு நீளம் 113 மி.மீ. முன்னால் மூன்று பல்சக்கரம்.

இரண்டு தொல்லை. பெடலைச் சுற்றும்போது பெரிய பல்சக்கரம் சுற்றுக்கு ஒருமுறை வெளியே போய் உள்ளே வருகிறது, முன் கியர் கூண்டில் உரசுகிறது. இது ஒன்று. அடுத்தது, இடது காலை மேலிருந்து கீழே அழுத்தத் தொடங்கும் இடத்தில் ஒரு சின்னத் தட்டல். டவுனுக்குள் ஓட்டினால் தெரியவே தெரியாது. லிந்தாங் சாலையில் லாசா பக்கம் போய், செம்பனைக் காட்டுக்குள் ஏறும் செம்மண் மேட்டில் நன்றாகத் தெரியும். ஒரு காலால் நொண்டிக்கொண்டு ஏறுகிற மாதிரி இருக்கிறது. வீட்டுக்கு வந்தபின் இடது முட்டியில் சில்லுக்குக் கீழே வலி.

ஒரு கடையில் காட்டினேன். பி.பி. ஷெல்லே கோணல், ஃபிரேமைத் தூக்கிப் போடு என்றார்கள். இன்னொரு கடையில் கிராங்க் வளைந்துவிட்டது, செட்டாக மாற்ற வேண்டும் என்றார்கள். எதை நம்புவது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏற்றமேஏற்றம், ஈப்போ:

சதுர முனை பழைய காலத்துச் சமாச்சாரம் தம்பி. 24 மி.மீ. குழாய் அச்சும் வெளி பேரிங்கும் உள்ள ஹாலோடெக் 2 கிராங்க் ஒன்றை வாங்கிப் போட்டுவிடுங்கள். எடை குறையும், விறைப்பு கூடும், இந்தத் தலைவலியும் போகும். உங்கள் ஷெல்லுக்கு அப்படியே உட்காரும்.

பட்டறைப்பிள்ளை, தஞ்சோங் மாலிம்:

தம்பி, ஒரு வெள்ளிகூடச் செலவு செய்ய வேண்டாம், பொறுங்கள். ஏற்றமேஏற்றம் சொன்னது நல்ல சாமான்தான், ஆனால் நோய் என்னவென்று தெரியாமல் மருந்து வாங்கக் கூடாது.

முதலில் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சுற்றுக்கு ஒருமுறை வந்து போகும் குற்றம், சுற்றுகிற பொருளில்தான் இருக்கும். ஃபிரேம் சுற்றுவதில்லை. பி.பி. ஷெல் கோணலாக இருந்தால் அச்சு கோணலாகப் படுக்கும், பல்சக்கரமும் ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும். ஆனால் எந்த நேரமும் அதே சாய்வில்தான் நிற்கும். வெளியே போய் உள்ளே வராது. ஆக, பல்சக்கரம் ஆடுவதைக் காட்டி ஷெல் கோணல் என்று சொன்னவர் சைக்கிளைச் சரியாகப் பார்க்கவில்லை. நல்ல ஃபிரேம்கள் இப்படித்தான் பழைய இரும்புக் கடைக்குப் போகின்றன, எனக்கு அதில் நெடுநாள் ஆதங்கம்.

ஆட்டத்துக்கு மிஞ்சுவது மூன்று இடம்: பல்சக்கரம், அதைத் தாங்கும் ஸ்பைடர், அச்சு. பிரித்துப் பார்ப்பது சுலபம். செயினை எடுத்து ஷெல்மேல் விடுங்கள். ஷெல்லிலிருந்து பின் சக்கர அச்சுக்குப் போகும் பின் கம்பியில் ஒரு கேபிள் டையைக் கட்டி, அதன் வால் பல்லைத் தொடுகிற மாதிரி வெட்டிவிடுங்கள். மெல்லச் சுற்றி, அதிகமாக வெளியே வரும் பல்லில் பேனாவால் குறி போடுங்கள். அப்புறம் கிராங்க் கழற்றும் கருவியான புல்லர் வைத்து வலது கிராங்கைக் கழற்றி, அச்சில் அரைச் சுற்றுத் தள்ளி, அதாவது எதிர் முகத்தில் மாட்டி இறுக்கி, மறுபடி சுற்றுங்கள். குறி போட்ட அதே பல்தான் வெளியே வருகிறது என்றால் கோட்டம் பல்சக்கரத்திலோ ஸ்பைடரிலோ இருக்கிறது. எதிர்ப்பக்கத்துப் பல் வெளியே வந்தால் அச்சு வளைந்திருக்கிறது.

புல்லர் போடும்போது போல்ட்டுக்கு அடியில் வாஷர் ஒன்று ஒளிந்திருக்கும், அதையும் எடுத்தாயிற்றா என்று விரலை விட்டுப் பாருங்கள். எடுக்காமல் புல்லரை முறுக்கினால் கிராங்கின் மறை உரிந்துவிடும். அப்படி உரிந்த கிராங்க் நிறைய பட்டறைக்கு வருகிறது.

இடது காலின் தட்டல் வேறு நோயாக இருக்கலாம். இரண்டையும் ஒரே கணக்கில் எழுத வேண்டாம். இடது கிராங்கையும் கழற்றி, சதுரத் துளையின் நான்கு முகத்தையும் விளக்கு அடித்துப் பாருங்கள். கிராங்கின் பின்புறம், பெடல் துளை அருகே நீளம் குத்தியிருக்கும், இரண்டு பக்கத்தையும் படித்துச் சொல்லுங்கள்.

செம்மண்தடம்:

நன்றி அண்ணே. சனிக்கிழமை செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஃபிரேமைச் சோதிக்க வீட்டிலேயே வழி உண்டா?

பட்டறைப்பிள்ளை:

உண்டு. நூல் போதும். பின் சக்கரத்தைக் கழற்றுங்கள். ஒரு பக்கத்து டிராப்அவுட்டில், அதாவது பின் சக்கர அச்சு உட்காரும் பிளவில், நூலைக் கட்டி, முன்னால் ஹேண்டில் பக்கம் உள்ள ஹெட் குழாயைச் சுற்றி இழுத்து, மறுபக்கத்து டிராப்அவுட்டில் விறைப்பாகக் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். சமமாக இருந்தால் பின்பகுதி நேராக இருக்கிறது.

அடுத்தது ஷெல். வலது கிராங்கை மேல்நோக்கி நிறுத்தி, பெடல் முனையின் உள்முகத்துக்கும் சீட் குழாய்க்கும் இடைவெளி அளந்துகொள்ளுங்கள். இடதையும் அதேபோல் மேலே கொண்டுவந்து அளந்து, எந்தப் பக்கம் எவ்வளவு கூடுதல் என்று எழுதி வையுங்கள். பிறகு கிராங்கைப் பின்னோக்கிப் படுக்க வைத்து, பின் கம்பிக்கு இரு பக்கமும் அளவு எடுங்கள். பல்சக்கரத்துக்காகக் கம்பியில் பள்ளம் தட்டியிருந்தால் அந்த இடத்தை விட்டு அளக்கவும். இரண்டு நிலையிலும் இடது வலது வித்தியாசம் ஒரே அளவு என்றால், அச்சோ கிராங்கோ ஒரு பக்கம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நிலைக்கு நிலை வித்தியாசம் மாறினால்தான் ஷெல்லைச் சந்தேகப்பட வேண்டும். அச்சு 1 பாகை சாய்ந்தால் 170 மி.மீ. கிராங்கின் நுனி சுமார் 3 மி.மீ. விலகும். ஸ்கேலில் தெரியும் அளவுதான்.

மலர்_பிசியோ, ஈப்போ:

முட்டி வலியைப் பற்றி ஒரு வார்த்தை. சில்லுக்குக் கீழே வலி என்றால் சீட் உயரத்தை முதலில் பாருங்கள், தாழ்வாக இருந்தால் இந்த வலி வரும். ஆனால் ஒரு முட்டி மட்டும் வலிக்கிறது என்றால் சைக்கிளின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பது சரியான வழி. பெடல் அச்சு வளைந்திருந்தாலும் இப்படி வரும். ஒவ்வொரு சுற்றிலும் பாதம் இடம் வலமாகச் சாய்ந்து எழும், முட்டியும் கூடவே திரும்பும். பெடலைக் கழற்றி இன்னொரு ஜோடி போட்டு ஓட்டிப் பாருங்கள். இடது பெடலுக்கு மறை எதிர்த்திசை, மறந்துவிட வேண்டாம்.

வலி இரண்டு வாரம் தாண்டியும் நீடித்தால், வீக்கம் இருந்தால், சைக்கிளை விட்டுவிட்டு மருத்துவரிடம் முட்டியைக் காட்டுங்கள்.

ஏற்றமேஏற்றம்:

சில மில்லிமீட்டருக்கு இவ்வளவு பாடா? மனித உடம்பே இரண்டு பக்கமும் சமம் இல்லை. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. உடம்பு பழகிக்கொள்ளும்.

மலர்_பிசியோ:

பழகிக்கொள்ளும்தான் அண்ணே, ஒப்புக்கொள்கிறேன். மாறாத வித்தியாசத்துக்கு உடம்பு பெரும்பாலும் பழகிக்கொள்கிறது. இடது பெடல் 3 மி.மீ. உள்ளே இருந்தால் நிறைய பேருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் தளர்ந்த இணைப்பு அப்படி இல்லை. ஒரு மிதியில் இடறும், அடுத்த மிதியில் இடறாது. எதற்குப் பழகுவது? ஏற்றத்தில் பாரம் முழுவதும் காலில் இருக்கும் நேரத்தில் பெடல் சட்டென்று நழுவி நின்றால், முட்டி அந்த அதிர்வை வாங்கிக்கொள்கிறது.

தோட்டத்து_ராலே, பீடோர்:

இந்தப் பேச்சு எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறது. எங்கள் தாத்தா பால்மரம் வெட்டப் போன ராலே சைக்கிள் இன்னும் எங்களிடம் இருக்கிறது. கேரியரின் இரு பக்கமும் பால் வாளி தொங்க, லயத்து வீட்டு வரிசையிலிருந்து காட்டுக்கும் காட்டிலிருந்து ஸ்டோருக்கும் போன வண்டி. அதில் காட்டர் பின், அதாவது கிராங்கை அச்சோடு பூட்டும் ஆப்பு, போட்ட கிராங்க். கோணல் கிராங்க் என்றால் என்ன என்பதை அந்த வண்டியில்தான் கற்றுக்கொள்ள முடியும், ஏனென்றால் சதுர முனையில் நான்கே நிலைதான் உண்டு, கிராங்க் எதிரெதிராக இல்லாமல் போக வழியே இல்லை, துளை தேய்ந்தால் ஒழிய. காட்டர் பின்னில் அந்தக் கோணத்தை முடிவு செய்வது பின்னின் ஒரு பக்கம் அராவிய சாய்வு முகம். அது அச்சின் தட்டை முகத்தில் போய்ப் படிகிறது. ஒரு பின்னின் சாய்வு மற்றதைவிட 3 பாகை மாறியிருந்தால், 170 மி.மீ. கிராங்கின் பெடல் முனையில் கிட்டத்தட்ட 9 மி.மீ. தள்ளிப்போகும். அதைக் கால் உடனே கண்டுபிடித்துவிடும்.

அதனால் பின்னை எப்போதும் ஜோடியாக வாங்க வேண்டும், ஒரே கட்டிலிருந்து. மாட்டும்போது ஒரு பின் மேலிருந்து போனால் மற்றது கீழிருந்து போக வேண்டும். குழப்பமாக இருந்தால் இப்படிப் பாருங்கள்: வலது கிராங்கை முன்னால் நீட்டும்போது நட் மேலே தெரிகிறதா? இடதை முன்னால் நீட்டும்போதும் நட் மேலேயே தெரிய வேண்டும். இரண்டையும் ஒரே திசையில் விட்டால் சாய்வின் இரண்டு மடங்கு கோணம் தப்பும்.

சோதிக்க சமமான சிமெண்டுத் தரை போதும். வண்டியை நேராகப் பிடிக்க ஓர் ஆள். முன் கிராங்கின் பெடல் துளை மையம், பி.பி. அச்சு மையத்தின் உயரத்துக்கு வரும்படி நிறுத்துங்கள். பின்னால் இருக்கும் கிராங்கின் பெடல் மையமும் தரையிலிருந்து அதே உயரத்தில் இருக்க வேண்டும். ஏறி இறங்கி இருந்தால் அந்த அளவுதான் கோணல். எந்த வகைக் கிராங்குக்கும் இது பொருந்தும்.

இன்னொரு விஷயம். பின்னைச் சுத்தியலால் அடிக்கும்போது கிராங்குக்கு அடியில் கனமான இரும்புக் குழாய் ஒன்றைத் தரையில் ஊன்றி முட்டுக் கொடுங்கள். முட்டுக் கொடுக்காமல் அடித்தால் அந்த அடி முழுவதும் பேரிங் குண்டுகளான பால்ஸ் வழியாக, அவை உருளும் கப்புக்குப் போகும். கப்பின் ஓடுபாதையில் சின்னச் சின்னக் குழி விழும். அப்புறம் எவ்வளவு கிரீஸ் வைத்தாலும் அச்சு கரகரவென்றுதான் சுற்றும்.

லயத்துக்காற்று, பகாவ்:

ராலே அண்ணே, என்னிடமும் ஒன்று இருக்கிறது. அந்த அச்சையும் கப்பையும் எடுத்துவிட்டு கார்ட்ரிட்ஜ் போட முடியுமா?

தோட்டத்து_ராலே:

நேரடியாக முடியாது தம்பி. இன்று கடையில் கிடைக்கும் சாதாரண கார்ட்ரிட்ஜின் மறை அங்குலத்துக்கு 24 இழை. நாட்டிங்ஹாமில் செய்த பழைய ராலேயில் அங்குலத்துக்கு 26 இழை. ஷெல் அகலமும் வழக்கமான 68 மி.மீ. இல்லை. வலுக்கட்டாயமாக ஏற்றினால் ஷெல் மறை போய்விடும், அது போனால் வண்டியே போன மாதிரி. பழைய கப்பு நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். பால்ஸ் மட்டும் மாற்றுங்கள், கால் அங்குல பால்ஸ், ஒரு பக்கத்துக்கு 11. கூண்டு இல்லாமல் உதிரியாகப் போட்டால் பாரம் கூடுதல் பால்ஸில் பரவும். நல்ல கிரீஸ் வையுங்கள். அது போதும், இன்னொரு தலைமுறை ஓடும்.

செம்மண்தடம்:

அண்ணே, முடிவுகள் வந்துவிட்டன.

நூல் சோதனை: இரண்டு பக்கமும் சமம். கிராங்க் இடைவெளி: சீட் குழாயிடம் இடது பக்கம் 3 மி.மீ. குறைவு. பின் கம்பியிடமும் அதே 3 மி.மீ. குறைவு.

வலது கிராங்கை எதிர் முகத்தில் மாட்டினேன். குறி போட்ட அதே பல்தான் வெளியே வருகிறது.

இடது கிராங்கைக் கழற்ற புல்லரே தேவைப்படவில்லை என்று சொல்லலாம். போல்ட்டை எடுத்ததும் கையால் ஆட்டவே வந்துவிட்டது. சதுரத் துளைக்குள் கறுப்பு மை மாதிரி ஒரு பசை. துடைத்துவிட்டு டார்ச் அடித்தால், எதிரெதிராக இரண்டு மூலைகளை ஒட்டிய இடம் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. மூலை கூராக இல்லை, உருண்டு போயிருக்கிறது. அச்சின் முனையில் ஒன்றும் இல்லை, விளிம்பு எல்லாம் கூர்.

பின்புறம் உள்ள எண்: வலது 170. இடது 175.

பட்டறைப்பிள்ளை:

அப்படிச் சொல்லுங்கள்! முழுக் கதையும் வந்துவிட்டது.

முன்பு வைத்திருந்தவர் காலத்தில் இடது கிராங்க் தளர்ந்து விழுந்திருக்கும். கிடைத்த ஒன்றை மாட்டியிருக்கிறார்கள், அது 175. சரியான இறுக்கம் கொடுக்காததால் அதுவும் தளர்ந்து, தளர்ந்தபடியே ஓடியிருக்கிறது. அலுமினியத் துளை, ஸ்டீல் அச்சு. எது தேயும் என்று சொல்ல வேண்டியதில்லை. கறுப்புப் பசை அலுமினியம் அரைந்து வந்தது. துளை விரிந்ததால் கிராங்க் அச்சில் கூடுதலாக உள்ளே ஏறியிருக்கிறது. உங்கள் 3 மி.மீ. பெரும்பாலும் அதுதான்.

எப்போதும் இடதுதான் முதலில் தளரும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. வலது காலின் முறுக்கு கிராங்கிலிருந்து நேரே பல்சக்கரத்துக்குப் போய்விடும். இடது காலின் முறுக்கு முழுவதும் இடது சதுர முனை வழியாக அச்சுக்குள் புகுந்துதான் வலப்பக்கம் போக வேண்டும். அந்த இணைப்பு ஒவ்வொரு மிதியிலும் முறுக்கையும் வளைவையும் சேர்த்து வாங்குகிறது.

தட்டல் ஏன் ஏற்றத்தில் மட்டும்? துளைக்கும் அச்சுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி இருக்கிறது. சமதரையில் பாரம் குறைவு, கிராங்க் ஒரு பக்கமாகவே சாய்ந்து ஓடிவிடும். மேட்டில் காலை அழுத்தும்போது அந்த இடைவெளி ஒரே அடியாக மூடுகிறது. அச்சின் விளிம்பில் கால் மில்லிமீட்டர் என்றாலும் பெடல் முனைக்கு வரும்போது பல மடங்கு.

இந்த இடது கிராங்கை இறுக்கிப் பார்க்கலாமே என்று யாரும் சொல்லிவிடப் போகிறார்கள். வேண்டாம். உருண்ட துளை மறுபடி சதுரமாகாது. தகரத்தை வெட்டி உள்ளே செருகுவதும் ஒரு வாரத்துக்குத்தான். மேட்டில் நின்று மிதிக்கும்போது கழன்றால் ஆளே கீழே.

வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று: இடது கிராங்க் மட்டும், 170 மி.மீ., சதுர முனை, ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பான் தர அளவு. ஐ.எஸ்.ஓ. என்று இன்னொரு அளவு உண்டு, சாய்வு ஒன்றுதான், ஆனால் முனையின் பருமன் வேறு. மாற்றி மாட்டினால் சில மில்லிமீட்டர் முன்னே பின்னே உட்காரும். பழைய சாமான் கடையில் கிடைத்தாலும் சரி, துளையின் மூலை கூராக இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

பல்சக்கரத்துக்குப் புதிது தேவையில்லை. முதலில் ஐந்து போல்ட்டும் சமமாக இறுகியிருக்கிறதா பாருங்கள். பிறகு அட்ஜஸ்டபிள் ஸ்பேனரின் வாயைப் பல்சக்கரத்தின் தடிப்புக்கு ஒட்ட வைத்து, குறி போட்ட இடத்தில் கொஞ்சமாக உள்ளே வளையுங்கள். சுற்றிப் பாருங்கள், மறுபடி கொஞ்சம். அவசரப்பட்டால் எதிர்ப்பக்கம் கோட்டம் விழும். அரை மில்லிமீட்டர் ஆட்டம் மிஞ்சினால் விட்டுவிடலாம், செயின் அதைப் பொருட்படுத்தாது.

மலர்_பிசியோ:

175 இடது, 170 வலது என்றால் இடது பெடல் மேலே வரும்போது 5 மி.மீ. உயரம், கீழே போகும்போது 5 மி.மீ. தாழ்வு. சீட் உயரத்தை எந்தக் காலுக்குச் சரி செய்வது? வலதுக்குச் சரி செய்தால் இடது முட்டி மேலே கூடுதலாக மடங்கும், கீழே கூடுதலாக நீளும். வலிக்கு இதுதான் காரணம் என்று இங்கிருந்தபடி அடித்துச் சொல்ல மாட்டேன், தட்டலும் சேர்ந்திருக்கிறது. இரண்டும் போகட்டும், கொஞ்ச நாள் மேடு இல்லாமல் ஓட்டுங்கள், பிறகு பார்ப்போம்.

ஏற்றமேஏற்றம்:

எண்ணைப் படித்துப் பார்க்கும் யோசனை எனக்கு வரவில்லை, அருமை. ஆனாலும் கேட்கிறேன், ஒரு நாள் ஹாலோடெக் போட ஆசைப்பட்டால் இந்த ஃபிரேம் தாங்குமா?

பட்டறைப்பிள்ளை:

தாராளமாக. ஆனால் பவுடர் பெயிண்டைக் கவனிக்க வேண்டும். அந்தப் பெயிண்ட் தடிப்பானது, ஷெல்லின் இரண்டு முகத்திலும் படிந்திருக்கும். கார்ட்ரிட்ஜில் இரண்டு பேரிங்கும் ஒரே உருளைக்குள் முன்கூட்டியே நேராகப் பூட்டியிருக்கும், ஷெல் முகம் கொஞ்சம் ஏறுமாறாக இருந்தாலும் பெரிதாகப் பாதிக்காது. வெளி பேரிங் அப்படி இல்லை. கப்பு ஷெல் முகத்தில் அழுந்தித்தான் நேராக நிற்கிறது. முகம் இரண்டும் இணையாக இல்லாவிட்டால் இரண்டு பேரிங்கும் ஒன்றையொன்று நேராகப் பார்க்காது, அச்சு இறுக்கமாகச் சுற்றும், பேரிங் சீக்கிரம் போகும். அதனால் முகம் சீவும் கட்டர் உள்ள கடையில் கொடுத்துச் சீவிவிட்டு மாட்டுங்கள். கப்பு மாட்டும்போது வலப்பக்க மறை எதிர்த்திசை என்பதும் நினைவிருக்கட்டும்.

லயத்துக்காற்று:

சதுர முனையில் கிரீஸ் தடவலாமா கூடாதா? எங்கள் ஊரில் இதற்கே சண்டை நடக்கும்.

தோட்டத்து_ராலே:

கூடாது. கிரீஸ் இருந்தால் கிராங்க் அச்சில் ஏறிக்கொண்டே போய்த் துளை வெடிக்கும்.

பட்டறைப்பிள்ளை:

ராலே அண்ணனை மதிக்கிறேன், ஆனால் இதில் நான் வேறு கட்சி. வெடிப்பது கிரீஸால் இல்லை, திரும்பத் திரும்ப இறுக்குவதால். ஓட்டும்போது கிராங்க் அச்சில் இயல்பாகவே கொஞ்சம் இடம் பிடித்து உட்காரும், போல்ட் லேசாகத் தளர்ந்த மாதிரி தெரியும். ஒவ்வொரு முறையும் அதை இறுக்கினால் கிராங்க் இன்னும் மேலே ஏறும். மாட்டும்போது சரியான அளவில் இறுக்கி, ஓரிரு நாள் ஓட்டியபின் ஒருமுறை சரிபார்த்து, அதோடு கையை எடுத்துவிட வேண்டும். நம் ஊர் மழைக்கும் ஈரத்துக்கும் காய்ந்த இணைப்பு சீக்கிரம் கிரீச்சிடத் தொடங்கும், அதனால் நான் அச்சு முனையில் துணியால் துடைத்த அளவுக்கு மெல்லிய பூச்சு விடுவேன். தயாரிப்பாளர் தாளில் உலர்வாக மாட்டச் சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள். போல்ட்டின் மறைக்கும் தலைக்கு அடியிலும் கிரீஸ் கட்டாயம், அதில் இரண்டு பேச்சு இல்லை.

சரியான அளவு என்றால், இந்த வகைக்கு 35 முதல் 50 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: போல்ட் மையத்திலிருந்து சரியாக 30 செ.மீ. தள்ளி சாவியின் பிடியில் கொக்கித் தராசை மாட்டி, சாவிக்குச் செங்குத்தாக இழுங்கள். தராசு 13, 14 கிலோ காட்டும்போது 40 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். சந்தையில் மீன் நிறுக்கிற தராசே போதும்.

தோட்டத்து_ராலே:

தராசு யோசனையை எடுத்துக்கொள்கிறேன். கிரீஸில் நான் மாறப் போவதில்லை.

செம்மண்தடம்:

ஈப்போவில் பழைய சாமான் விற்கும் கடையில் 170 இடது கிராங்க் கிடைத்தது. மூலை கூராக இருப்பதைப் பார்த்துத்தான் எடுத்தேன். மெல்லிய பூச்சு விட்டு, மீன் தராசை மாட்டி 14 கிலோ வரை இழுத்தேன். இப்போது சீட் குழாயிடம் இடது வலது வித்தியாசம் 1 மி.மீ. கூட இல்லை. பல்சக்கரத்தைப் பட்டறை அண்ணன் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தேன், கூண்டில் உரசல் நின்றுவிட்டது. லாசா பக்கம் அதே மேட்டில் நின்று மிதித்தும் பார்த்தேன், தட்டல் இல்லை. முட்டி வலி குறைந்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. அக்கா சொன்னபடி இந்த மாதம் சமதரைதான்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. சீட்போஸ்ட்டை எடுத்தபோது குழாய்க்குள் தண்ணீர் நின்றிருந்தது. அது பி.பி.க்குள் போகுமா?

பட்டறைப்பிள்ளை:

போகும். மழையில் ஓட்டினால் பின் சக்கரம் அடிக்கும் தண்ணீர் சீட் குழாயின் பிளவு வழியாக இறங்கி நேரே ஷெல்லில்தான் தேங்கும். ஷெல்லின் அடியில் சின்ன வடிகால் துளை இருக்கிறதா பாருங்கள். பவுடர் பெயிண்ட் அடித்தபோது அடைத்திருப்பார்கள். மெல்லிய ஆணியால் குத்தித் திறந்துவிடுங்கள். மழையில் போய் வந்த நாளில் சீட்போஸ்ட்டைக் கழற்றி, சைக்கிளைத் தலைகீழாக அரை மணி நேரம் வையுங்கள். கார்ட்ரிட்ஜைக் கழற்ற நேரும்போது மறையில் கிரீஸைத் தாராளமாகத் தடவி மாட்டுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை கழற்ற வராது.